ராத்திரி கால் வலி, தட்டைப் பாதம், முட்டிக்குக் கீழே புடைப்பு: ஓர் அம்மாவின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு ஐந்தரை வயது. இரண்டு மூன்று மாதமாக, வாரத்தில் இரண்டு நாளாவது, தூங்கின கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து கால் வலிக்கிறது என்று அழுகிறான். பிடித்துவிட்டால் தூங்கிவிடுகிறான். காலையில் "எந்தக் கால்டா வலிச்சுது?" என்று கேட்டால் அவனுக்கே ஞாபகம் இல்லை, ஓடிவிடுகிறான். வீட்டில் பெரியவர்கள் கால்சியம் பத்தவில்லை என்று டானிக் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் பாதம் வேறு தட்டையாக இருக்கிறது, நேராக நின்றால் முட்டி இரண்டும் இடிக்கிறது. பெரியவளுக்குப் 12 வயது, கூடைப்பந்து ஆடுகிறாள். வலது முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலிக்கிறது. ஒரு நாள் ராத்திரி இணையத்தில் தேட ஆரம்பித்து எலும்புப் புற்றுநோய் வரைக்கும் போய்விட்டேன். இரண்டு பேருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? மகளின் விளையாட்டை நிறுத்திவிடட்டுமா? இன்னொன்று, அவள் நாள் முழுக்க விரலில் சொடக்கு எடுக்கிறாள், மூட்டு தேய்ந்துவிடாதா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி, காலையில் அவனுக்கு ஞாபகமே இல்லை, ஓடிவிடுகிறான் என்பதுதான். குழந்தையின் கால் வலி என்று வருகிற எல்லா அம்மா அப்பாவும் ராத்திரியைப் பற்றித்தான் விவரமாகச் சொல்வார்கள், எத்தனை மணிக்கு எழுந்தான், எவ்வளவு நேரம் அழுதான் என்று. நாங்கள் கேட்க விரும்புவது மறுநாள் காலையைப் பற்றி. கட்டிலிலிருந்து எப்படி இறங்கினான், குளியலறைக்கு எப்படி நடந்து போனான், படியில் எப்படி இறங்கினான். ராத்திரி எவ்வளவு அழுதாலும் காலையில் துள்ளி ஓடுகிற குழந்தையைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ராத்திரி சத்தமில்லாமல் தூங்கிவிட்டுக் காலையில் விந்தி நடக்கிற குழந்தையைத்தான் உடனே பார்க்க வேண்டும்.

உங்கள் பையனுக்கு இருப்பது பெரும்பாலும் வளர்ச்சி வலி என்று நாங்கள் சொல்வதுதான். 3 வயது முதல் 12 வயது வரை எப்போது வேண்டுமானாலும் வரும். சாயங்காலம் அல்லது ராத்திரியில் வரும். தொடையின் முன்பக்கம், கெண்டைக்கால், முட்டிக்குப் பின்பக்கம், இந்த இடங்களில் இரண்டு காலிலும் இருக்கும், அல்லது ஒரு நாள் இந்தக் கால் ஒரு நாள் அந்தக் கால் என்று மாறும். சதையில்தான் வலி, மூட்டில் இல்லை. பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும். நடுவில் வாரக்கணக்கில் வராமலும் இருக்கும், அப்புறம் நாள் முழுக்க ஆட்டம் போட்ட ஒரு நாளின் ராத்திரியில் திரும்ப வரும். உடம்பு வளர்கிற வேகத்தால்தான் வலிக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், குழந்தை மிக வேகமாக வளர்வது முதல் வருடத்திலும் பருவம் அடைகிற சமயத்திலும்தான், இந்த வலியோ பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அவன் நடிக்கிறான், பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சொல்கிறான் என்றும் நினைக்க வேண்டாம். வலி நிஜம்தான், ஆனால் அது எலும்பையோ மூட்டையோ எதுவும் செய்யாது, தானாகவே விட்டுவிடும்.

அடுத்த முறை எழுந்து அழும்போது இதைச் செய்து பாருங்கள். விளக்கைப் போட்டு, "எங்கே வலிக்குதுன்னு ஒரே ஒரு விரலால் காட்டு" என்று சொல்லுங்கள். வளர்ச்சி வலி உள்ள குழந்தை ஒரு இடத்தைக் காட்டாது, உள்ளங்கையை விரித்துத் தொடையையோ கெண்டைக்காலையோ மொத்தமாகத் தடவிக் காட்டும். அந்த இடத்தை நீங்கள் அழுத்திப் பிடித்தால் காலை இழுத்துக்கொள்ளாது, இன்னும் நன்றாகப் பிடி என்று நீட்டும். இதற்கு மாறாக, ஒவ்வொரு முறையும் அதே காலில் அதே இடத்தில் விரலை வைத்தால், தொடவே விடாமல் தட்டிவிட்டால், அது வேறு கதை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிடித்துவிடுங்கள், வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். தூங்கப் போகும்முன் கெண்டைக்கால், பின்தொடைத் தசைகளை மெதுவாக நீட்டுகிற பயிற்சியை விளையாட்டு மாதிரி ஐந்து நிமிடம் செய்யச் சொல்லலாம், சில குழந்தைகளுக்கு வலி வருவதே குறைந்துவிடும். ரொம்ப அழுகிற ராத்திரியில் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு வேளை. ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் பாதிக்கிற ரேய் என்ற அபூர்வமான நோய்க்கு அது காரணமாகலாம். வாரத்தில் பாதி நாள் மாத்திரை தேவைப்படுகிறது என்றால் கொடுத்துக்கொண்டே இருக்காமல் அழைத்து வந்து காட்டுங்கள்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? வலி எப்போதும் ஒரே காலில், ஒரே இடத்தில். காலையில் எழும்போதே நொண்டல். மூட்டில் வீக்கம், சூடு. காய்ச்சல். எடை குறைவது, முகம் வெளுத்துப்போவது, அடிபடாமலே உடம்பில் நீலம் நீலமாகத் தடிப்பது. பகலிலும் ஓடாமல் உட்கார்ந்துவிடுவது, நேற்று வரை தானாக நடந்தவன் இன்று தூக்கச் சொல்வது. சின்னக் குழந்தை முதுகு வலிக்கிறது என்று சொன்னால் அதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வயதில் முதுகு வலி சாதாரணமாக வருவதில்லை. ரத்தப் புற்றுநோய் சில குழந்தைகளில் எலும்பு வலியாகத்தான் முதலில் தலைகாட்டும், வெளுப்பும் காய்ச்சலும் கூட இருந்தால் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் சந்தேகம் வந்துவிடும். உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை என்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளத்தான் சொல்கிறேன். அதனால் அவனுக்கு இப்போது எக்ஸ்ரே வேண்டாம். ஒரு முறை நேரில் காட்டி, மருத்துவர் இரண்டு காலின் மூட்டுகளையும் அசைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால் போதும்.

வளர்ச்சி வலியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி ஒரு நோய் இருக்கிறது, குழந்தைகளுக்கு வருகிற மூட்டுவாதம். குழந்தைகளுக்கெல்லாம் மூட்டுவாதம் வருமா என்று கேட்பார்கள். வரும், கைக்குழந்தைப் பருவம் தாண்டியதிலிருந்தே வரும். இதில் ராத்திரி ஒன்றும் இருக்காது. காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருக்கும். கட்டிலை விட்டு இறங்கச் சோம்பேறித்தனம் மாதிரி தெரியும், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கும், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சரியாக ஓடிக்கொண்டிருக்கும். வலிக்கிறது என்று பல குழந்தைகள் சொல்லவே சொல்லாது என்பதுதான் இதில் ஏமாற்றுகிற விஷயம். 16 வயதுக்குள் ஆரம்பித்து, ஒரு மூட்டின் வீக்கம் 6 வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணமும் இல்லையென்றால் இந்தப் பெயர் வைப்போம். அப்படி முடிவானால் கண் மருத்துவரிடமும் அனுப்புவோம், கண் சிவக்காமல் வலிக்காமல் உள்ளே அழற்சி வந்து பார்வையைக் கெடுக்கும் என்பதால். முட்டி வீக்கத்துக்கு ஏன் கண்ணைப் பார்க்கச் சொல்கிறார் என்று பாதிப் பேர் அந்தச் சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள்.

அடுத்து அந்த டானிக். வீட்டுக்கு வீடு இது நடக்கிறது, நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரி கால் வலிக்குக் கால்சியம் மருந்து கிடையாது. டானிக் கொடுத்த மாதம் வலி குறைந்தால் அது தானாகக் குறைந்த மாதமாகத்தான் இருக்கும், ஏனென்றால் இந்த வலியின் இயல்பே வருவதும் போவதும்தான். எலும்புக்கு வேண்டிய கால்சியம் சாப்பாட்டில் கிடைத்துவிடும். அதைக் குடலிலிருந்து உடம்பில் சேர்க்க வைட்டமின் டி வேண்டும், அது வெயிலில் கிடைக்கும். வெயிலே படாமல் வளர்கிற குழந்தைக்கு அது குறையலாம். பொதுவாகப் பரிந்துரைக்கிற அளவு முதல் வருடத்தில் ஒரு நாளைக்கு 400 யூனிட், அதற்கு மேல் 600 யூனிட். குறைவு கடுமையானால் ரிக்கெட்ஸ் வரும், மணிக்கட்டு அகன்று தடித்துப்போகும், கால் வளையும், பல் தாமதமாக முளைக்கும், உயரம் ஏறாது. அதைச் சந்தேகப்பட்டால் ரத்தப் பரிசோதனையும் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் பார்த்துவிட்டுத்தான் மருந்து. வைட்டமின் டி அதிகமானாலும் ஆபத்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று போகும். ஒருவர் வாங்கிக் கொடுத்த டானிக், இன்னொருவர் சொன்ன சொட்டு மருந்து, வாரம் ஒரு முறை உறிஞ்சுகிற பாக்கெட் என்று மூன்றும் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருக்கும், பாட்டில்களைக் கொண்டுவரச் சொன்னால்தான் எங்களுக்கே தெரியும். நீங்களும் வரும்போது பாட்டிலை எடுத்து வாருங்கள்.

முட்டி இடிப்பதைப் பற்றி. குழந்தையின் கால்கள் பிறந்ததிலிருந்தே நேராக இருப்பதில்லை. நடக்க ஆரம்பிக்கும்போது வெளிப்பக்கமாக வில் மாதிரி வளைந்திருக்கும், 2 வயதுவாக்கில் நேராகும், அங்கே நிற்காமல் உள்பக்கமாகப் போய் 3 முதல் 4 வயதில் முட்டி நன்றாக இடிக்கும், அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பி 7 அல்லது 8 வயதில் பெரியவர்களின் கால் மாதிரி ஆகும். உங்கள் பையன் இந்தப் பயணத்தில் முக்கால்வாசியில் இருக்கிறான். கால் கட்டை, பெல்ட், விசேஷ ஷூ எதுவும் இதை வேகப்படுத்தாது. இந்த ஒழுங்கில் சேராத கால்தான் சந்தேகத்துக்குரியது. ஒரு கால் மட்டும் வளைந்திருப்பது, 2 வயதுக்கு மேலும் வில் வளைவு அதிகமாகிக்கொண்டே போவது, 8 வயது தாண்டியும் முட்டி இடித்துக்கொண்டிருப்பது, வயதுக்கு உயரம் மிகவும் குறைவாக இருப்பது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அரைக்கால் சட்டையோடு, முட்டிச் சில்லுகள் நேராக உங்களைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி வைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். முட்டிகள் ஒட்டியிருக்கும்போது இரண்டு கணுக்காலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அதில் தெரியும். நினைவில் வைத்துச் சொல்வதைவிட இது எங்களுக்கு ஆயிரம் மடங்கு உபயோகம்.

தட்டைப் பாதமும் இதே ரகம்தான். சின்னக் குழந்தையின் பாதத்தில் கொழுப்பு நிறைந்திருக்கும், இணைப்பு நார்கள் தளர்வாக இருக்கும், அதனால் நிற்கும்போது வளைவு தெரியாது. பத்து வயது வரைக்கும்கூட வளைவு உருவாகிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே பார்க்கலாம்: குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். வளைவு எழும்பி, குதிகால் உள்பக்கம் சாய்ந்தால் பாதம் நெகிழ்வானது, நல்ல பாதம், விட்டுவிடலாம். நுனிக்காலில் நிற்கும்போதும் தட்டையாகவே இருந்தால், விறைப்பாக இருந்தால், வலித்தால் காட்ட வேண்டும், பாதத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்திருக்கலாம். ஷூவுக்குள் வைக்கிற மெத்தைப் பலகை வளைவை உருவாக்காது. வலிக்கிற பாதத்துக்குச் சுகம் தரும், அவ்வளவுதான். வலிக்காத பாதத்துக்கு அதை விற்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. வீட்டுக்குள் வெறுங்காலில் ஓடவிடுங்கள்.

கால் விரல்கள் உள்பக்கம் திரும்பி நடப்பதும், முட்டியை மடக்கிப் பாதங்களை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டு உட்கார்வதும் நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் இந்த வயதுப் பையன் வீட்டில் கட்டாயம் அந்தப் பேச்சு வரும் என்பதால் ஒரு வரி. தொடை எலும்பிலேயே இருக்கிற முறுக்கினால்தான் அப்படி உட்கார வசதியாக இருக்கிறது, அப்படி உட்காருவதால் முறுக்கு வருவதில்லை. எட்டு முதல் பத்து வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகும். நாள் முழுக்க "காலை மடக்காதே" என்று கத்தி உங்கள் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி மகள். முட்டிச் சில்லுக்கு இரண்டு மூன்று விரல் கீழே, கால் எலும்பின் முன்பக்கத்தில், சரியாக நடுவில் ஒரு மேடு, அழுத்தினால் வலி, குதித்தால் வலி, மண்டியிட்டால் உயிர் போகிற வலி, ஓய்வாக இருந்தால் ஒன்றுமில்லை. இப்படித்தான் என்றால் இது ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்கிற பிரச்சினை. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஓடிக் குதிக்கிற வளரும் பிள்ளைகளிடம் இது சர்வசாதாரணம். பெண்களுக்கு 8 முதல் 13, பையன்களுக்கு 11 முதல் 15 வயதுவாக்கில் வரும்.

ஏன் அந்த இடத்தில் என்றால், நீண்ட எலும்புகளின் முனைகளுக்குப் பக்கத்தில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது, உயரம் அங்கேதான் உற்பத்தியாகிறது. காலின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முட்டியைச் சுற்றியுள்ள இரண்டு தட்டுகளிலிருந்து வருகிறது: தொடை எலும்பின் கீழ் முனை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, கால் எலும்பின் மேல் முனை 6 மில்லிமீட்டர் அளவில். எலும்பு இப்படி நீளும்போது தொடைத் தசை உடனே அதே அளவுக்கு நீள்வதில்லை, இறுக்கமாகிறது. அந்தத் தசையின் நாண் முட்டிச் சில்லைத் தாண்டிக் கீழே வந்து பிடித்துக்கொள்கிற இடம் இன்னும் முழுதாக எலும்பாகாத குருத்துதான். ஒவ்வொரு குதிப்பிலும், ஒவ்வொரு முறை வேகமாக ஓடி நிற்கும்போதும் அந்தக் குருத்தை நாண் பிடித்து இழுக்கிறது. இழுபட்டு இழுபட்டு அங்கே வலியும் மேடும். குதிகாலின் பின்பக்கத்தில் இதே கதை நடந்தால் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஓடி முடித்ததும் குதிகால் வலி வரும், இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் கத்துவார்கள்.

விளையாட்டை நிறுத்த வேண்டாம். குறைக்க வேண்டும். நான் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான்: ஆடும்போது கொஞ்சம் வலித்து, ஆட்டம் முடிந்து மறுநாள் காலைக்குள் போய்விட்டால் ஆடலாம். நொண்டிக்கொண்டு ஆடுகிறாய், மறுநாளும் வலிக்கிறது என்றால் அந்த வாரம் குதிப்பும் ஓட்டமும் வேண்டாம், பந்தைக் கூடையில் போடுகிற பயிற்சியை நின்ற இடத்தில் செய், நீச்சல் அடி, சைக்கிள் ஓட்டு. ஆட்டம் முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பது, தொடையின் முன் தசையையும் பின் தசையையும் தினமும் நீட்டுவது, மண்டியிட வேண்டியிருந்தால் முட்டி உறை. முழு ஓய்வு, மாவுக்கட்டு எல்லாம் அபூர்வமாகத்தான் தேவைப்படும். வளர்ச்சித் தட்டு மூடி எலும்பாகும்போது வலி போய்விடும், அதற்குச் சில மாதம் ஆகலாம், ஒன்று இரண்டு வருடம்கூட இழுக்கலாம், இடையிடையே வந்து போகும். மேடு மட்டும் கடைசி வரைக்கும் இருந்துவிடும். அதைச் சொல்லாமல் விட்டால் அப்புறம் வந்து கேட்பீர்கள். பயிற்சியாளரிடம் நீங்கள் நேரில் போய்ப் பேசுங்கள், பிள்ளை போய்ச் சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிடுவார்கள்.

நீங்கள் இணையத்தில் படித்த புற்றுநோய்க்கு வருகிறேன். எலும்புப் புற்றுநோய் வளரும் பிள்ளைகளுக்கு வருவது அபூர்வம், ஆனால் வந்தால் அதிகமாக முட்டியைச் சுற்றித்தான் வரும் என்பதும் உண்மை, அதனால் உங்கள் பயம் முட்டாள்தனம் இல்லை. வித்தியாசம் இதுதான். ஆஸ்குட் வலி ஆட்டத்தோடு வந்து ஓய்வில் அடங்கும். புற்றுக்கட்டியின் வலி பெரும்பாலும் ஆட்டத்தைப் பார்த்து வராது, படுத்திருக்கும்போதும் இருக்கும், வாரத்துக்கு வாரம் கூடும், தூக்கத்தைக் கெடுக்கும், கட்டி அந்த நடுமேட்டில் இல்லாமல் முட்டிக்கு மேலேயோ பக்கவாட்டிலோ தடித்து வளரும். இதில் எது இருந்தாலும் அன்றே எக்ஸ்ரே எடுங்கள், யோசிக்க வேண்டாம். இல்லையென்றால் மருத்துவர் விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் நான் நேரில் பார்த்தால் ஒரே ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன், முக்கியமாக உங்கள் தூக்கத்துக்காக.

ஆனால் முட்டி வலி என்று வருகிற எந்தப் பிள்ளைக்கும் நான் முதலில் இடுப்பைப் பார்ப்பேன். நீங்களும் இதை மட்டும் நன்றாக மனதில் பதிய வையுங்கள். இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் போகும் நரம்புகளில் ஒன்று பொதுவானது, இடுப்பில் கோளாறு இருக்கும்போது பிள்ளை முட்டியைத் தடவிக்கொண்டு நிற்கும். முட்டி எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள், அங்கே இடுப்பு கெட்டுக்கொண்டிருக்கும். 10 முதல் 16 வயதுக்குள், பெரும்பாலும் எடை கூடுதலான பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் பந்து தன் கழுத்திலிருந்து வளர்ச்சித் தட்டு வழியாக வழுக்கிவிடும். பாதம் வெளிப்பக்கம் திரும்பியபடி விந்தி நடப்பார்கள். மல்லாந்து படுக்க வைத்து முட்டியை நெஞ்சை நோக்கி மடக்கினால் நேராக வராமல் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். இது தெரிந்தால் அந்த நிமிடத்திலிருந்து காலை ஊன்றக்கூடாது, சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வர வேண்டும், திருகு போட்டு நிறுத்தினால்தான் மேலும் வழுக்காமல் இருக்கும். உங்கள் பையன் வயதில், 4 முதல் 8 வரை, பையன்களுக்கு அதிகமாக வருவது பெர்த்தஸ் நோய். பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து அது மெத்தென்று ஆகிவிடும். வலி ரொம்ப இருக்காது, விளையாடிவிட்டுச் சாயங்காலம் வரும்போது நொண்டல் தெரியும், அதைத்தான் மாதக்கணக்கில் "சுளுக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால் நொண்டுகிற குழந்தையைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும். எங்கள் அறைக்குள் வந்ததும் பயத்தில் எல்லாக் குழந்தையும் சரியாக நடந்துவிடும்.

சளி காய்ச்சல் வந்து போன ஒரு வாரத்தில் இடுப்பு வலித்து நொண்டுவதும் சகஜம், 3 முதல் 10 வயதில், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். இதே மாதிரி ஆரம்பிக்கிற இன்னொன்றுதான் எங்களுக்குப் பயம்: மூட்டுக்குள் சீழ். 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காலை ஊன்றவே முடியவில்லை, காலை அசைத்தாலே வீறிடுகிறது, துணி மாற்றவே விடவில்லை என்றால் காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள். நாள் கணக்கு இல்லை அது, மணிக் கணக்கு. சீழ் இருந்தால் குருத்தெலும்பை அரித்துவிடும், ஆபரேஷன் செய்து கழுவி எடுக்க வேண்டும்.

விழுந்து அடிபட்டு மூட்டுக்குப் பக்கத்தில் வீங்கினால் சுளுக்கு என்று நீவிவிடாதீர்கள். வளரும் பிள்ளைக்கு நார் கிழிவதைவிட வளர்ச்சித் தட்டு பிளப்பது சுலபம், அது கோணலாகச் சேர்ந்தால் கால் குட்டையாகவோ கோணியோ போகலாம். சின்னக் குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்கிச் சுற்றாதீர்கள், முழங்கையில் எலும்பு நழுவிக் கை தொங்கிவிடும். மருத்துவர் சில நொடியில் சரிசெய்துவிடுவார், ஆனால் அந்த அழுகையைக் கேட்க வேண்டாமே.

மகளுக்கு 12 வயது என்பதால் இன்னும் ஒன்று. சட்டையைக் கழற்றி, கால்களைச் சேர்த்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாக எழும்பித் தெரிந்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது என்று சந்தேகிக்கலாம். எக்ஸ்ரேயில் 10 டிகிரிக்கு மேல் வளைவு இருந்தால்தான் பெயர் வைப்போம், 25 டிகிரியைத் தாண்டி இன்னும் உயரம் ஏற வேண்டியிருந்தால் பெல்ட் பற்றி யோசிப்போம். பருவம் அடைகிற சமயத்தில் வேகமாகக் கூடும், வலிக்காது, அதனால் நீங்கள் பார்த்தால்தான் உண்டு. பள்ளிப் பை தோளை வலிக்க வைக்கும், முதுகைக் கோண வைக்காது. பையைக் குறை சொல்லிக்கொண்டே இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

கடைசியாகச் சொடக்கு. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் விரலை இழுக்கும்போது அழுத்தம் சட்டென்று குறைகிறது, கரைந்திருந்த வாயு குமிழாகிறது, அந்தச் சத்தம்தான் அது. அதே விரலில் உடனே மறுபடியும் சொடக்கு எடுக்க முடியாமல் போவதற்கும் அதுதான் காரணம். மூட்டு தேய்வதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. டொனால்ட் அங்கர் என்று அமெரிக்காவில் ஒரு மருத்துவர், சின்ன வயதில் அவர் அம்மாவும் சித்தி பெரியம்மாக்களும் மூட்டுவாதம் வரும் என்று திட்டினார்களாம், அதைச் சோதிக்க 50 வருடம் இடது கையில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்துக்கொண்டே இருந்து, இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998இல் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். 2009இல் அதற்கு வேடிக்கைக்காகக் கொடுக்கிற இக்நோபல் பரிசும் வாங்கினார். ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனைதான், இருந்தாலும் பிடிவாதம் பாராட்ட வேண்டியது. சொடக்கோடு வலி இருந்தாலோ, மூட்டு வீங்கினாலோ, விரல் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றாலோ காட்டுங்கள். மற்றபடி சத்தம் உங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது என்றால் அதைச் சொல்லியே நிறுத்தச் சொல்லலாம், மூட்டு தேய்ந்துவிடும் என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.